மெழுகுக்குள் ஒரு குதிரை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழின் நடுப்பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் இருக்கும் நெடுந்தீவில் திரியும் குதிரை ஒன்றைத் தேன்மெழுகு ஓவியமாகப் போட்டிருந்தோம், கீழே இரண்டு வரி விளக்கத்தோடு. அந்த இரண்டு வரி போதவில்லை என்று கடிதமாகவும் வட்சப்பாகவும் வந்து குவிந்துவிட்டது. "நீங்கள் தொடங்கியது, நீங்களே பதில் எழுதுங்கள்" என்று ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, அந்தக் குதிரை போட்டோவா, ஓவியமா? வீட்டில் இதே வாக்குவாதம். பத்திக் மாதிரி ஏதோ என்கிறாள் தங்கச்சி.
– வாசகி, கோண்டாவில்

பதில்: அடியில் இருப்பது போட்டோ. தாளில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டியது. அதன் மேல் உருக்கிய தேன்மெழுகு, அதற்கும் மேல் கொஞ்சம் கீறல், கொஞ்சம் நிறம். ஆகவே வீட்டில் யாரும் தோற்கவில்லை. தங்கச்சி மட்டும் கொஞ்சம் விலகிப் போய்விட்டார். பத்திக்கில் சாயம் ஏறக்கூடாத இடத்தை மறைத்ததோடு மெழுகின் வேலை முடிந்துவிடும், பிறகு கொதிநீரில் போட்டுக் கழற்றி எடுத்துவிடுவார்கள். இங்கே மெழுகு கடைசி வரை தங்கியிருக்கிறது. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் மேலே சூடு காட்டி, கீழே உள்ள பூச்சோடு அது உருகிச் சேரும்படி செய்ய வேண்டும். என்காஸ்டிக் என்பது இந்த முறைதான்.

புதுசு ஒன்றுமில்லை. எகிப்தின் பயூம் பகுதியில் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை இறந்தவர்களின் முகத்தை மரப்பலகையில் மெழுகு வர்ணத்தால் வரைந்து மம்மியோடு வைத்தார்கள், அந்த முகங்களில் கண்ணின் ஈரம்கூட இன்னும் மங்கவில்லை. அச்சிட்ட தாளை மெழுகுக்குள் போடுவதற்கும் முன்னோடி உண்டு. அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜோன்ஸ் 1954–55இல் செய்த அமெரிக்கக் கொடி ஓவியத்தில் பத்திரிகைத் துண்டுகளை மெழுகில் தோய்த்து ஒட்டியிருக்கிறார், கிட்டப் போய்ப் பார்த்தால் கோடுகளுக்கு அடியில் செய்தி எழுத்துகள் தெரியும்.

கேள்வி: ஸ்ரூடியோவில் பளபளப்பான பிரிண்ட் போட்டு, அதன் மேல் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினேன். ஆறியதும் முழுவதும் ஒரே தகடாகக் கழன்று வந்துவிட்டது. குதிரை மட்டும் பத்திரமாக இருக்கிறது!
– க.பொ.த உயர்தர மாணவன், மானிப்பாய்

பதில்: குதிரை தப்பியதே, சந்தோசம். தம்பி, ஸ்ரூடியோத் தாளின் இரண்டு பக்கத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. மெழுகு பிடிப்பதற்குத் தாள் அதைக் கொஞ்சமாவது உறிஞ்ச வேண்டும், பிளாஸ்டிக் எதை உறிஞ்சும்? பளபளப்பில்லாத, பூச்சில்லாத தாளில் இங்க்ஜெற் பிரிண்ட் போடுங்கள். பிக்மென்ற் மை (நிறத்தூள் கலந்த மை) என்றால் நல்லது, சாதாரண மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். மல்பெரி நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாள் கொழும்பில் யாராவது வாங்கி அனுப்பினால் அதைவிட நல்லது, மெழுகு பட்டதும் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும்.

அடுத்தது மெழுகுதிரி. கடை மெழுகுதிரி பெரும்பாலும் பரஃபின், ஆறியதும் நொறுங்கும். தேன்மெழுகு அப்படியில்லை, அதற்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் குணம் இருக்கிறது.

மூன்றாவதாக, 'ஊற்றினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஊற்றக்கூடாது. அகலமான தூரிகையால் மெல்லியதாக ஒரு இழுப்பு, அதன் மேல் ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) மேற்பரப்பு மினுங்கும் வரை மட்டும் சூடு, ஆறவிட்டு அடுத்த பூச்சு. போட்டோவுக்கு இரண்டு மூன்று பூச்சு தாராளம். நைலோன் தூரிகை உருகிவிடும், இயற்கை மயிர்த் தூரிகையாகப் பார்த்து எடுங்கள். கன்வஸ் துணியிலும் செய்ய வேண்டாம், துணி தொய்ந்தால் மெழுகு வெடிக்கும். பிளைவூட் பலகையில் தாளை பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை பூசி ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, ஓர் இரவு காயவிடுங்கள். குமிழி ஒன்று மாட்டினாலும் சூடு காட்டும்போது அது ஊதிக் கொண்டு குதிரையின் வயிற்றிலோ முகத்திலோதான் வந்து நிற்கும். பலகைக்குச் சாதாரண அக்கிறிலிக் வெள்ளை அடிப்பதும் வேண்டாம், அதுவும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். பலகை கறுப்பாக இருந்தால் தாளுக்கு அடியில் இன்னொரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள்.

கேள்வி: வன்னியில் இருக்கும் மாமா தேன் எடுத்த பிறகு வதையைத் தந்துவிட்டார். கிணற்றுத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தேன். சாம்பல் நிறத்தில், ரவை போலப் பொருபொருவென்று வந்தது. மெழுகு பழுதா?
– இல்லத்தரசி, உரும்பிராய்

பதில்: மெழுகில் பிழையில்லை, தண்ணீரில்தான். நம் மண் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சாமான்தான். தேன்மெழுகில் இயற்கையாகவே இருக்கும் அமிலங்கள் அதோடு சேர்ந்தால் சவர்க்காரத் தன்மை வந்து மெழுகு குழம்பிவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் மறுபடி உருக்குங்கள். அலுமினியச் சட்டியோ சில்வர்ச் சட்டியோ பரவாயில்லை. இரும்பில் மெழுகு கறுக்கும், செம்பில் பச்சை தட்டும். உருகியதும் பழைய பருத்தித் துணியில் வடித்து, மூடி, அசைக்காமல் மெல்ல ஆறவிடுங்கள். மேலே வட்டத் தகடாக உறையும், அடியில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கத்தியால் சுரண்டிவிடலாம். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் தேங்காய்ப்பூ வெள்ளை வராது, நல்ல மஞ்சள் வரும். குதிரைக்கு அந்த மஞ்சள் நன்றாகவே பொருந்தும்.

குங்கிலியம் சேர்க்க வேண்டுமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓவியர்கள் டமார் என்று சேர்ப்பது குங்கிலிய மரக் குடும்பத்துப் பிசின்தான். எடைக்கணக்கில் எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு வழக்கம். மெழுகை இறுக்கும், மினுக்கமும் கூடும். ஆனால் கோயில் கடையில் விற்கும் தூளைப் போட்டுவிடாதீர்கள், அதில் வேறு வாசனைச் சாமான்கள் கலந்திருக்கும். பழகும் காலத்தில் தனித் தேன்மெழுகே போதும்.

கேள்வி: குசினியில் கேஸ் அடுப்பில் உருக்கலாமா? அம்மா பயப்படுகிறா.
– வாசகர், சுன்னாகம்

பதில்: அம்மா சொல்வது சரி. மெழுகு அறுபத்துச் சொச்சம் பாகை செல்சியசில் உருகிவிடும், வேலைக்கு 75 முதல் 90 வரை போதும். அதற்கு மேல் ஏற ஏற புகை கண்ணையும் தொண்டையையும் கரிக்கும், இன்னும் ஏறினால் தீப்பிடிக்கும். நேரே நெருப்பில் வைக்காதீர்கள். பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் மெழுகுச் சட்டி, ஒரு மின்சார ஹொட்பிளேட். தண்ணீர் 100ஐத் தாண்டாது, ஆகவே மெழுகும் தாண்டாது. தண்ணீர் வற்றாமல் பார்ப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடுங்கள். டர்பன்டைன் போத்தலை அந்த அறையிலேயே வைக்க வேண்டாம். சீலிங் ஃபானுக்கு நேர் கீழே இருந்து பூசினால் தூரிகை பலகைக்கு வரும் முன்னரே மெழுகு உறைந்துவிடும், மேசை ஃபானை யன்னல் பக்கம் திருப்பிப் புகையை வெளியே தள்ளுங்கள்.

கேள்வி: முறைப்படிதான் எல்லாம் செய்தேன். ஆனால் பூசிய பிறகு குதிரை இருண்டுபோய், பிடரிமயிரின் நுணுக்கம் எல்லாம் மறைந்து, நெற்றியில் இருந்த வெள்ளைப் பொட்டு மஞ்சளாகிவிட்டது.
– ஆசிரியை, கொக்குவில்

பதில்: உங்கள் கடிதத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன், ரீச்சர். கைவேலையில் உங்களிடம் குறையில்லை, படத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் சிக்கல். முடிந்துபோன போட்டோவுக்கு மேல் பூசும் வார்னிஷ் என்று பலர் மெழுகை நினைக்கிறார்கள். மெழுகு படத்துக்குள் இறங்கிவிடும் சாமான். தாளை ஊடுருவி அதன் வெண்மையைக் குறைக்கும், நிழலை இன்னும் இருட்டாக்கும், நுணுக்கத்தைத் தின்னும். ஆகவே கமராவைக் கையில் எடுக்கும்போதே மெழுகு தின்னப்போவதைக் கழித்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

என்ன படம் வேண்டும்? ஒரே குதிரை. பின்னால் வெறும் வானம், கடல், அல்லது நெடுந்தீவின் அந்தக் காய்ந்த வெளி. தூரத்தில் இருந்து பார்த்தாலே கழுத்தும் முதுகும் எந்த வளைவில் போகின்றன என்று தெரிய வேண்டும், வளைவு தெளிவாக இருந்தால் மேலே எவ்வளவு மங்கினாலும் குதிரை குதிரையாகவே நிற்கும். பத்துக் குதிரை, நாலு பனை, பின்னால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் என்று இருக்கும் படத்தை ஆல்பத்தில் வையுங்கள். அச்சிடும் முன் படத்தை வழமையை விட ஒரு படி வெளிச்சமாக்கி, நிழல்களைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். கண்ணுக்கு வெளிறிப்போன பிரிண்ட் மாதிரி இருக்கும், பயப்படாமல் போடுங்கள். ஒரே படத்தை மூன்று அளவு வெளிச்சத்தில் சின்னத் துண்டுகளாக அச்சிட்டு, மூன்றிலும் மெழுகு தடவிப் பார்த்த பிறகு பெரியதைப் போடுவது மலிவான வழி.

இனிப் பிடரிமயிர். போனதை மறுபடி கொண்டுவரலாம், அதுவும் போட்டோவில் இருந்ததை விட உயிரோடு. மெழுகு ஆறி, இளஞ்சூடு மட்டும் இருக்கும்போது கவராயத்தின் கூரால் மயிர் விழும் திசையில் மெல்லக் கீறுங்கள். எல்லா மயிரையும் கீறத் தேவையில்லை, காற்றில் பறக்கும் சில இழைகள் போதும். நன்றாக ஆறியதும் கபில நிற எண்ணெய் வர்ணத்தைப் பட்டாணி அளவு எடுத்து விரலால் கீறலுக்குள் தேய்த்து, மேலே படிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். கோட்டுக்குள் போனது மட்டும் தங்கும். நெற்றி வெள்ளைக்கு, வெள்ளை வர்ணத்தூள் கலந்த மெழுகை ஒரு பொட்டு வைத்துச் சூடு காட்டுங்கள். இந்த இடத்தில் ஹீட் கன் வேண்டாம், அதன் காற்று பொட்டைத் தாடை வரை இழுத்துக்கொண்டு போய்விடும். சூடாக்கிய கரண்டியின் முதுகு போதும்.

கேள்வி: நாற்பது வருடம் கமராவோடு வாழ்ந்தவன் நான். நல்ல படம் என்றால் அதை அப்படியே விடுங்கள். ஏன் மெழுகு பூசிக் கெடுக்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற படப்பிடிப்பாளர், சுண்டுக்குளி

பதில்: ஐயா, முக்கால்வாசி உங்களோடு உடன்படுகிறேன். இணையத்தில் சுற்றும் மெழுகுக் குதிரைகளில் பெரும்பாலானவை மெழுகு இல்லாமலே நன்றாக இருந்திருக்கும். சில, சுமாரான படத்தை மறைக்கப் பூசியவை.

ஆனால் போட்டோவும் குதிரையும் ஓவியமும் இன்று நேற்றுச் சேர்ந்தவை இல்லையே. பாயும் குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விடுமா என்று 19ஆம் நூற்றாண்டில் பெரிய விவாதம் நடந்தது. ஓவியர்கள் முன்னங்கால் இரண்டும் முன்னே, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டியபடி பறக்கும் குதிரையை வரைந்து வந்தார்கள், பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தயம் அதற்கு நல்ல உதாரணம். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளர் 12 கமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்களில் உண்மை வெளிப்பட்டது. நாலு காலும் நிலத்தை விடுகின்றன, ஆனால் நீட்டியிருக்கும்போது இல்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும்போது. அந்தப் படங்களை உன்னிப்பாகப் பார்த்துப் படித்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஓவியர் தெகா. அவர் தன் குதிரைகளை எதில் செய்து பார்த்தார் தெரியுமா? கம்பிக் கூட்டின் மேல் மெழுகில். 1917இல் அவர் இறந்த பிறகுதான் ஸ்ரூடியோவில் இருந்த மெழுகு உருவங்களைப் பலர் முதல் தடவையாகப் பார்த்தார்கள், நாம் அருங்காட்சியகங்களில் காணும் அவருடைய வெண்கலக் குதிரைகள் எல்லாம் அவற்றிலிருந்து பின்னர் வார்த்தவை. கமரா சொன்னதைக் கேட்டுக்கொண்டு கையால் மெழுகைத் தொட்ட மனிதர் அவர். அதற்காக நாம் பூசுவதெல்லாம் நன்றாகிவிடும் என்று சொல்ல வரவில்லை.

கேள்வி: நெடுந்தீவுக்குப் போகிறோம். குதிரைகள் ஓடும்போது எடுப்பது எப்படி? துரத்தினால் ஓடுமாமே.
– நண்பர்கள் குழு, திருநெல்வேலி

பதில்: துரத்தினால் நாய்கூட ஓடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை, இப்போது சொந்தக்காரர் இல்லாமல் காட்டுக்குதிரையாகத் திரிகின்றன, வறட்சி மாதங்களில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் செத்தும் போகின்றன. அந்த வெயிலில் நாலு பேர் துரத்தினால் அது செலவழிக்கும் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது. சாப்பாடும் கொடுக்க வேண்டாம்.

குறிகட்டுவானில் காலையில் படகேறினால் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இறங்கி, பெருக்குமரமும் கோட்டையும் பார்த்துவிட்டுக் குதிரையிடம் போகும்போது உச்சி வெயில், முகத்தில் கறுப்பு நிழல். மெழுகுக்கு அது சரிவராது என்று மேலே ரீச்சருக்குச் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் ஓர் இரவு தங்கி விடியலிலும் மாலையிலும் எடுங்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில், ஏறக்குறைய சுற்றிவரப் பார்க்கும், நேர் பின்புறமும் மூக்கு நுனிக்கு முன்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே பின்னால் பதுங்கிப் போக வேண்டாம், தோள் பக்கமாக, அது உங்களைப் பார்க்கும்படி, மெல்ல. காது இரண்டும் பின்னுக்குப் படுத்தால் நின்றுவிடுங்கள். குட்டி இருக்கும் குதிரையிடம் இன்னும் தள்ளி நில்லுங்கள்.

தொலைபேசியாக இருந்தால் கிட்டப் போய் எடுக்காதீர்கள், மூக்கு பூசணிக்காய் அளவும் உடம்பு ஆட்டுக்குட்டி அளவும் வரும். லென்ஸ் கமராவில் 200 மி.மீ. அளவு, முழங்காலில் நின்று, குதிரையின் தோள் உயரத்துக்குக் கீழே. தானாக ஓடினால் ஷட்டர் வேகம் 1/1000 செக்கனில் கால்கள் உறையும். மெழுகுக்கு என்று எடுப்பவர்களுக்கு என் விருப்பம் வேறு: 1/30 வைத்து, குதிரையோடு கமராவையும் சேர்த்துத் திருப்புங்கள். பின்னால் இருக்கும் கல்வேலியும் பனையும் கோடுகளாக இழுபட்டுவிடும். அந்தக் கலங்கலான பின்னணியில் மெழுகு தின்ன ஒன்றுமே இருக்காது.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் வேட்டைத் திருவிழாவில் எடுத்த குதிரை வாகனப் படம் இருக்கிறது. பிரிண்டை ஒட்டாமல் மெழுகிலேயே படம் விழச் செய்யலாமா?
– வாசகர், இணுவில்

பதில்: செய்யலாம், அதற்கு லேசர் பிரிண்ட் அல்லது போட்டோகொப்பி வேண்டும், இங்க்ஜெற் சரிவராது. ஆறிய வழுவழுப்பான மெழுகின் மேல் அச்சுப்பக்கம் கீழாக வைத்து, கரண்டி முதுகால் அழுத்தித் தேய்த்து, பிறகு தாளை ஈரமாக்கி விரல் நுனியால் உருட்டி உருட்டித் தாளை மட்டும் எடுங்கள், கறுப்பு மெழுகில் தங்கிவிடும். படம் இடம்வலம் மாறும், அச்சிடும் முன்பே திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் சுவாமியின் வேல் மற்றக் கைக்குப் போய்விடும், ஊரில் யாரும் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்து வெக்கையில் இது சுவரில் உருகி வழியாதா?
– பலர்

பதில்: வழியாது. உச்ச வெயில் நாளில் வீட்டுக்குள் 35, 36 பாகை என்று வைத்தாலும் மெழுகு உருக அது எந்த மூலைக்கும் காணாது. ஆனால் பின்னேர வெயில் நேரே விழும் சுவர், தகரக் கூரை போட்ட விறாந்தை, சாமியறை விளக்குக்கு மேல், இவை வேண்டாம். பூட்டிய காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள். கொஞ்ச நாளில் மேலே வெண்படலம் மாதிரி ஒன்று வரும், அது பூஞ்சணம் இல்லை, மெழுகின் குணம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் மறுபடி மினுங்கும். கண்ணாடி போட விரும்பினால் மெழுகில் முட்டாதபடி இடைவெளி விட்டுப் பிறேம் அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகனின் புது வீட்டுக்கு ஒன்று செய்து அனுப்பப் போகிறேன். பார்சலில் போடலாமா?
– ஒரு தாய், அரியாலை

பதில்: எந்த மாதம் என்று எழுதவில்லையே அம்மா. நம் பக்கத்தில் வெயிலுக்குப் பயம், அங்கே குளிருக்கு. தண்ணீர் உறையும் குளிரில் மெழுகு இறுகி, பெட்டி ஒரு தடவை விழுந்தாலே வெடித்துவிடும், மாசியில் அனுப்பினால் குதிரை துண்டுதுண்டாகப் போய்ச் சேரும். வைகாசிக்குப் பிறகு அனுப்புங்கள். முகத்தில் மெழுகுத்தாள் வையுங்கள். குமிழிப் பிளாஸ்டிக் நேரே தொட்டால் குதிரை உடம்பு முழுக்க வட்ட வட்டமாக அச்சு விழும், அதை வெளியில் சுற்றலாம். மூலை நாலுக்கும் தடித்த அட்டை. யாராவது ஊருக்கு வந்து திரும்பும்போது கைப்பையில் கொடுத்துவிட்டால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் அவர்களின் கைப்பையில் உங்கள் பருத்தித்துறை வடைக்கும் புளுக்கொடியலுக்கும் போக இடம் மிஞ்சுமோ தெரியாது. ஆகவே பலகையை 8க்கு 10 அங்குலத்துக்கு மேல் வெட்டாதீர்கள்.